மாதம் 30 யூரோவா, 145 யூரோவா? ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

ஜெர்மனியில் டாக்டரைப் பார்க்கப் போனால், வரவேற்பில் இருப்பவர் பெரும்பாலும் என்ன உடம்புக்கு என்று கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுவார்: "கெசெட்ஸ்லிஷ் ஓடர் ப்ரிவாட்?" பொது மருத்துவக் காப்பீடா, தனியாரா? அதற்கான பதிலை நம்மில் பலர் ஊரிலேயே, விசா கோப்பு தயார்செய்கிற அவசரத்தில், எதையோ கிளிக் செய்து முடிவுபண்ணிவிட்டு வந்திருப்போம்.

விலையை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. டிகே, ஏஓகே, பார்மர் போன்ற பொதுக் காப்பீட்டு அமைப்புகளில் மாணவர் கட்டணம் சட்டப்படி வகுத்தது. ஒன்றுக்கொன்று சில யூரோதான் வித்தியாசம். 23 வயது தாண்டிய, குழந்தை இல்லாத மாணவருக்கு 2025 கணக்கில் மாதம் சுமார் 145 யூரோ. வெளிநாட்டவருக்கென்றே விற்கிற மலிவான தனியார் திட்டமோ 30, 40 யூரோவுக்குக் கிடைக்கும். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் ஒரு தொகை மட்டும் எடுக்க விடும் கணக்கு) மாதம் 992 யூரோ எடுத்து வாடகை கொடுத்து வாழ்கிறவனுக்கு நூறு யூரோ மிச்சம் என்றால் கை தானாக அந்தப் பக்கம்தான் போகும்.

என் ஹாஸ்டல் நண்பன் அப்படித்தான் போனான். மதுரைக்காரன், சின்ன வயதிலிருந்தே லேசாக வீசிங். இங்கே ஏப்ரலில் பிர்ச் மரம் பூக்கும், காற்றெல்லாம் மகரந்தம். எனக்கும் அந்த வருடம் மூச்சு இழுத்தது, அவனுக்கும் இழுத்தது. நான் பொதுக் காப்பீட்டின் போட்டோ போட்ட அட்டையை டாக்டரின் கருவியில் செருகினேன், சீட்டு வாங்கினேன், மருந்துக்கடையில் இன்ஹேலருக்கு 5 யூரோ கொடுத்தேன். அவ்வளவுதான். அவன் முதலில் கைக்காசைக் கட்டி, பில்லை அனுப்பிவைத்தான். சில வாரம் கழித்து அவனுடைய நிறுவனத்திலிருந்து கடிதம்: இந்த நோய் முன்பே இருந்ததா, ஊர் டாக்டரின் பதிவுகள் வேண்டும். அம்மாவிடம் கேட்க, அவர் பீரோவில் தேடிப் பழைய ஓ.பி. சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இவனும் நேர்மையாக அதையே மேலே அனுப்பிவைத்தான். சீட்டில் இன்ஹேலர் பெயர் தெளிவாக இருந்தது. க்ளெய்ம் அவுட்.

மலிவுத் திட்டங்களின் குணம் அது. பழைய நோய்க்குப் பெரும்பாலும் இடமில்லை. பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் இருக்கலாம், மனநல சிகிச்சைக்கு வரம்பு இருக்கலாம். இன்னொன்றும் உண்டு: தனியார் நோயாளிக்கு டாக்டர்கள் அரசுக் கட்டணப் பட்டியலில் உள்ளதைப் போல வழக்கமாக 2.3 மடங்கு வரை பில் போடுவார்கள். சில திட்டங்கள் அதற்குக் கீழேயே நின்றுகொள்ளும். இடைவெளி நம் பாக்கெட். பெயர்தான் 'ப்ரிவாட்', ஜெர்மன் பணக்காரர் வைத்திருக்கும் ப்ரிவாட் வேறு, நம்முடையது வேறு.

சரி, பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாமே? முடியாது, சிக்கலே அங்கேதான். தனியார் போக வேண்டுமானால் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்க வேண்டும். பல்கலையில் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பப் பெற முடியாது. வாரம் 20 மணி நேரத்துக்குள் மாணவர் வேலை பார்த்தாலும் உள்ளே வர வழியில்லை. அந்தச் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கு மட்டும்தான் பிடிப்பார்கள். பொதுவில் இருந்தவர் படிப்பு முடிந்து வேலை தேடும் மாதங்களிலும் அங்கேயே விருப்ப உறுப்பினராகத் தொடரலாம். கட்டணம் 200 யூரோவைத் தாண்டும், வலிக்கும்தான், ஆனாலும் கதவு திறந்தே இருக்கும்.

தனியாரைத் தவிர வேறு வழியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். மொழிப் படிப்பு, ஸ்டூடியன்கொலெக் என்கிற ஆயத்தப் படிப்புக்கு வருகிறவர்களுக்குப் பொது மாணவர் கட்டணம் கிடையாது. பட்டப்படிப்பில் சேரும்போதுதான் அவர்களுக்கு அந்த வாய்ப்பு வரும். அன்றைக்கு மறக்காமல் மாறிவிடுங்கள். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் மாணவர் கட்டணம் இல்லை. அவர்கள் மலிவைப் பார்க்காமல் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது முழுமையான திட்டமாக எடுப்பது நல்லது. 30 வயதுக்குள் இருந்துகொண்டு, இங்கே இரண்டு மூன்று வருடம் படிக்கப்போகிறவர் யோசிக்கவே வேண்டாம், பொதுவை எடுங்கள்.

ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்குக் கேள்வியே வேறு: ஸ்டைபெண்டா (உதவித்தொகை), காண்ட்ராக்டா (வேலை ஒப்பந்தம்)? கையில் வரும் தொகை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியலாம். காண்ட்ராக்ட் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு காப்பீடுகளுக்குப் போய்விடுகிறதே என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலை தருகிறவரும் கிட்டத்தட்ட அதே அளவு போடுகிறார். உடம்பு முடியாமல் படுத்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம், அதற்குப் பிறகு காப்பீட்டிலிருந்து நோய்க்கால உதவித்தொகை. வருமானம் இல்லாத மனைவியோ கணவரோ, குழந்தைகளோ கூடுதல் கட்டணமில்லாமல் அதே காப்பீட்டில் சேரலாம். குடும்பத்தோடு வருகிறவருக்கு இது ஒன்றே போதும். காண்ட்ராக்ட் முடிந்து தீசிஸ் முடியாத மாதங்களில், 12 மாதம் பங்களிப்பு கட்டியிருந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், வேலையின்மைப் படியும் கேட்கலாம்.

ஸ்டைபெண்டில் இதெல்லாம் இல்லை. சட்டத்தின் பார்வையில் அது சம்பளமே அல்ல. முனைவர் பட்ட மாணவர் என்பதால் மாணவர் கட்டணமாவது கிடைக்குமா என்றால், பொதுவாக அதுவும் இல்லை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) போன்றவை தாங்களே காப்பீடு எடுத்துத் தரும். மற்ற இடங்களில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் பெரிய ஆராய்ச்சி அமைப்பான மாக்ஸ் பிளாங்க் கழகம் 2015இல் தன் முனைவர் ஆய்வாளர்களை ஸ்டைபெண்டிலிருந்து காண்ட்ராக்டுக்கு மாற்றத் தொடங்கியதும் இந்த ஏற்றத்தாழ்வு பெரிய சச்சரவான பிறகுதான். பேராசிரியரிடம் பேசும்போது, தொகை எவ்வளவு என்பதோடு இதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஓய்வூதியப் பிடித்தம் வீண் என்பார்கள். ஐந்து வருடப் பங்களிப்பு இருந்தால் இங்கே ஓய்வூதிய உரிமை உண்டு. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே முதல் நடப்பில் இருக்கிறது; இரு நாட்டுக் காலத்தையும் சேர்த்து எண்ண வழி செய்வது அது.

மதுரை நண்பனுக்குப் போன வருடம் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று எச்.ஆர். கேட்ட முதல் கேள்வி, எந்தக் கிராங்கன்காசா, அதாவது எந்தப் பொதுக் காப்பீட்டு அமைப்பு என்பது. அட்டை வந்த வாரமே நுரையீரல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போட்டான். அது கிடைத்ததென்னவோ இரண்டு மாதம் கழித்துத்தான்.