டர்போ காருக்கு ஆயில் கேட்ச் கேன்: ஆன்லைன் டப்பாவா, புரோவென்ட் 200-ஆ?

எஞ்சினின் கிராங்க் கேஸிலிருந்து (கிராங்க் சுழலும் அடிப்பகுதி) எழும் எண்ணெய்ப் புகை மறுபடி இன்டேக்குக்குப் போகும் வழியில் எண்ணெயைப் பிடித்துவைக்கும் டப்பாதான் ஆயில் கேட்ச் கேன். ‘யுனிவர்சல் ஆயில் கேட்ச் கேன்’ என்று ஆன்லைனில் தேடினால் நீலம், சிவப்பு, கறுப்பு என்று கலர் கலராக அலுமினிய டப்பாக்கள் வரும். கம்பெனி பெயர் பெரிதாக எதுவும் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் உள்ளே ஒன்றுமே இருக்காது, வெறும் போணி. இரண்டு துவாரமும் மூடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் நுழைந்த வாயு நேராக மற்றதில் வெளியேறிவிடும். கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய்ப் புகையில் பெரும்பாலான துளிகள் ஓரிரு மைக்ரான்தான். அவை மோதி, ஒட்டி, ஒன்றுசேர ஒரு பரப்பு வேண்டும். அது இல்லாத டப்பாவில் தேங்குவது ஹோஸின் சுவரில் ஏற்கெனவே வடிந்துகொண்டிருந்த எண்ணெய் மட்டுமே. புகை அப்படியே இன்டர்கூலருக்கு (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) போய்விடும். பானெட்டுக்குள் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

கொஞ்சம் கூடக் கொடுத்தால் ‘பேஃபிள்’ வைத்த டப்பா கிடைக்கும். உள்ளே வரும் குழாய் அடிவரை இறங்கியிருக்கும், அதற்கு மேல் துளையிட்ட தகடு, தகட்டுக்கு மேல் ஸ்டீல் வலை, வெளியேறும் வழி வலைக்கும் மேலே. வாங்குவதென்றால் இந்த அமைப்பைத்தான் வாங்க வேண்டும். இதிலும் வலையை நம்பிவிடக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் மாதிரி ஒன்றைச் சுருட்டித் திணித்திருப்பார்கள். விரலால் நிமிண்டிப் பாருங்கள். நூல் ஒடிந்து கையோடு வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னிய ஸ்டெயின்லெஸ் வலை வாங்கி வையுங்கள். டர்போவின் கம்ப்ரெசர் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுவது. அதன் வாயில் கம்பித் துண்டு போய் விழுந்தால் மிச்சப்படுத்திய காசு எந்த மூலைக்கு?

பக்கவாட்டில் எண்ணெய் மட்டம் காட்டும் பிளாஸ்டிக் குழாய் உள்ள மாடல்களைத் தவிர்க்கலாம். பானெட் சூட்டில் அது விறைத்து வெடித்துவிடும். இன்டேக் மானிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) பக்கம் இணைத்த டப்பாவில் அந்த வெடிப்பு வழியாக அளவிடாத காற்று உள்ளே போக, ஐடில் தடுமாறும், பி0171 என்று லீன் கோடு (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற எச்சரிக்கை) விழும். மூடியில் சின்ன பிரீதர் ஃபில்டர் கொடுத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுத் திருகு போட்டு அடைத்துவிடுங்கள். கிராங்க் கேஸ் வாயு வெளியே வரவே கூடாது என்பது புகை விதி. அது ஒரு பக்கம் இருக்கட்டும், சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாக உள்ளே வரும் அந்த நாற்றத்தை வீட்டில் யாரும் பொறுக்க மாட்டார்கள்.

துவாரத்தின் அளவில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். வால்வ் கவரில் 19 மிமீ குழாய் இருக்க, கிட்டில் 9 மிமீ ஹோஸும் அதற்கொரு ரெட்யூசரும் வரும். விட்டம் பாதி என்றுதான் கண்ணுக்குத் தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டால் 19 மிமீ-க்கு 283 சதுர மிமீ, 9 மிமீ-க்கு 64. கால்வாசிகூட இல்லை. ‘ஏஎன் 10’ ஃபிட்டிங் போட்ட கிட்களில் ஹோஸின் உள்விட்டம் சுமார் 14 மிமீ, அதாவது 154 சதுர மிமீ. சின்ன எஞ்சினுக்கு அது போதும். ஆனால் 90 டிகிரி எல்போ இரண்டு மூன்று போட்டால் அங்கேயும் நெரியும்.

நெரிந்தால் என்ன ஆகும்? டர்போவின் பேரிங்குக்குப் போன எண்ணெய் ஆயில் பம்ப் அழுத்தத்தில் போகிறது, ஆனால் திரும்புவது வெறும் புவியீர்ப்பில். கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறினால் அந்த வடிகால் தடைப்படும். எண்ணெய் டர்போவிலேயே தேங்கி, சீலைத் தாண்டி கம்ப்ரெசர் பக்கமோ எக்ஸாஸ்ட் பக்கமோ கசியும். நீலப்புகையைப் பார்த்துவிட்டு டர்போ போச்சு என்று புது டர்போ மாட்டுவார்கள், அதுவும் இரண்டு மாதத்தில் புகையும். அடுத்து ரியர் மெயின் சீல், கேம் கவர் கேஸ்கெட் கசியும், டிப் ஸ்டிக் துள்ளி வெளியே வரும். கேட்ச் கேன் எண்ணெயைப் பிடிக்காவிட்டால்கூட எஞ்சின் ஓடிவிடும். மூச்சை அடைத்தால் ஓடாது.

டர்போ எஞ்சினுக்கு மூச்சு விட இரண்டு வழி என்பதை கிட்டோடு வரும் துண்டுச் சீட்டு பெரும்பாலும் சொல்வதில்லை. நிதானமாக ஓட்டும்போது இன்டேக் மானிஃபோல்டில் வெற்றிடம், பிசிவி வால்வு (கிராங்க் கேஸ் வாயுவை அளவாக வெளியே விடும் வால்வு) வழியாக வாயு அங்கே இழுபடும். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறியதும் அதே மானிஃபோல்டில் அழுத்தம். செக் வால்வு (ஒருவழி வால்வு) மூடிக்கொள்ள, வாயு டர்போவுக்கு முன்னாலுள்ள இன்டேக் பைப்புக்குப் போகும். இரண்டு துவார டப்பா ஒன்றை வாங்கினால் ஒரு வழிதான் காக்கப்படும். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீச்சும் எஞ்சினில் இன்டேக் வால்வைக் கழுவ பெட்ரோல் வருவதில்லை, அதனால் எண்ணெய் அங்கே கரியாகப் படியும். ஊருக்குள் ஓடும் அப்படிப்பட்ட காருக்கு மானிஃபோல்ட் பக்கம் வைப்பது நல்லது. நெடுஞ்சாலையில் விரட்டுபவர்களுக்கும், ரீமேப் செய்து, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி, பூஸ்ட் ஏற்றியவர்களுக்கும் டர்போ பக்கம்தான் தொல்லை. இன்டர்கூலரில் எண்ணெய் தேங்குவதும், எண்ணெய் ஆவி கலந்து நாக் (சிலிண்டருக்குள் கட்டுப்பாடின்றி எரிந்து தட்டும் சத்தம்) வருவதும் அந்த வழியால்தான்.

மூன்று துவார கிட் வாங்கினால் இரண்டு வெளிவழிக்கும் ஆளுக்கொரு செக் வால்வு வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல எஞ்சின்களில் டர்போ பக்கத்து ஹோஸ் இருவழிப் பாதை. பூஸ்டில் வாயு வெளியே போகும், ஐடிலில் அதே ஹோஸ் வழியாகச் சுத்தமான காற்று கிராங்க் கேஸுக்குள் வரும். அதில் செக் வால்வைப் போட்டால் சுத்தக் காற்று நின்றுபோகும். கூடவே பழைய பிசிவி வால்வையும் கழற்றி எறிந்திருந்தால் மானிஃபோல்டின் முழு உறிஞ்சலும் கிராங்க் கேஸுக்குப் போய் சீல்களை உள்ளே இழுக்கும். கம்பெனி பிசிவி வால்வை எக்காரணத்துக்கும் எடுக்க வேண்டாம். செக் வால்வை மாட்டுமுன் வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் தாராளமாகப் போக வேண்டும், மறுபக்கம் துளியும் போகக் கூடாது. மீன் தொட்டிக்குப் போடும் மாதிரி பிளாஸ்டிக் வால்வு வந்தால் அது பானெட் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் தாங்காது. உலோக உடல் உள்ளதைத் தனியாக வாங்குங்கள்.

எஞ்சினின் பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜரில் ரூட்ஸ் வகை (இரட்டை உருளைகள் சுழன்று காற்றைத் தள்ளும் ப்ளோயர்), அதிலும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் ப்ளோயருக்கு முன்னால் இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஒருபோதும் பூஸ்ட் இருக்காது. அங்கே ஒரே ஹோஸில் வேலை முடிந்துவிடும். சென்ட்ரிஃப்யூகல் வகையை டர்போ மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டோடு வரும் கறுப்பு ஹோஸைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. கூலன்ட் ஹோஸுக்கான இபிடிஎம் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துவிடும். ஒரு அங்குலத் துண்டை வெட்டி எஞ்சின் ஆயிலில் நான்கு நாள் போட்டு வைத்து, புதுத் துண்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். எஸ்ஏஇ 30ஆர்7 என்று அச்சடித்த நைட்ரைல் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். பளபளக்கும் வண்ண சிலிக்கான் ஹோஸிலும் எண்ணெய் வேர்க்கும், ஃப்ளூரோசிலிக்கான் உள்பூச்சு இருந்தால்தான் சரி.

மாட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒரு சோதனை. டிப் ஸ்டிக்கை எடுத்துவிட்டு அந்தக் குழாயில் ஒளி ஊடுருவும் ஹோஸைச் செருகி, ‘ப’ மாதிரி வளைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் அழுத்தம் சுமார் 10 மில்லிபார். வளைவு எஞ்சினைவிடத் தாழ்வாக இருக்கட்டும், இல்லையென்றால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். ஐடிலில் தண்ணீர் எஞ்சின் பக்கம் லேசாக இழுபட வேண்டும். கேன் மாட்டியபின் அதே ஆர்பிஎம்மில் அழுத்தம் கூடியிருந்தால் டப்பாவோ ஹோஸோ நெரிக்கிறது என்று பொருள். டப்பாவின் விலை என்னவாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டியதுதான்.

கேட்ச் கேனால் தீராத கோளாறுக்கு அதை வாங்குபவர்களும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 எஞ்சினை எடுத்துக்கொள்வோம், 1.8 டிஎஸ்ஐ என்று ஸ்கோடாக்களில் வந்தது. வால்வ் கவரின் மேல் உட்காரும் 06எச் 103 495 பிசிவி யூனிட்டுக்குள் ஒரு ரப்பர் டயஃப்ரம். அது கிழிந்தால் ஐடிலில் விசில் சத்தம், ஆயில் மூடியைத் திருப்ப முடியாதபடி இறுக்கம், லீன் கோடு. முற்றினால் ரியர் மெயின் சீலும் கசியும். இதற்கு மருந்து புது பிசிவி யூனிட், சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றி மாட்டுகிற வேலை. டப்பா எதையும் சரிசெய்யாது.

இனி புரோவென்ட் 200. ஜெர்மனியின் மான்+ஹம்மல் தயாரிப்பு. ஆஸ்திரேலியாவில் டர்போ டீசல் ஜீப் ஓட்டுபவர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். இது டப்பா இல்லை, ஃபில்டர். நுண்துளிகளைப் பிடித்துப் பெரிய துளியாக்கி வடியவிடும் எலிமென்ட் உள்ளே இருக்கிறது. பெயரிலுள்ள 200 நிமிடத்துக்கு 200 லிட்டர் வாயு என்ற கணக்கு. துவாரங்கள் 25 மிமீ, நெரிசல் என்ற பேச்சே இல்லை. எலிமென்ட் அடைத்துக்கொண்டால் திறக்கும் பாதுகாப்பு வால்வு அதிலேயே உண்டு. மேலே சொன்ன நீலப்புகைக் கதையைப் படித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

டீசலுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம். மானிஃபோல்ட் வெற்றிடம், இருவழி ஹோஸ் என்ற சிக்கல் அங்கே பெரும்பாலும் கிடையாது. வால்வ் கவரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஒரே ஹோஸை வெட்டி நடுவில் வைத்தால் போதும். இஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஏற்பாடு) கரியும் எண்ணெயும் கலந்து மானிஃபோல்டில் தார் மாதிரி அப்புவது நன்றாகக் குறையும். பெட்ரோல் டர்போவில் டர்போ பக்க ஹோஸில் மட்டும் வையுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. ஆள் பெரிது, செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும், எலிமென்டை மேலே உருவ இடம் விட வேண்டும். இன்றைய சின்ன கார்களின் பானெட்டுக்குள் அந்த இடம் கிடைப்பது கஷ்டம். எலிமென்ட் தொடர்செலவு. போலிகளும் சந்தையில் நிறைய, வெளியுடல் அச்சு அசல், உள்ளே வெறும் பஞ்சு. எலிமென்ட் தனியாகக் கிடைக்கும் கடையில் மட்டும் வாங்குவது பத்திரம்.

எதை மாட்டினாலும் எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, காற்று படும் இடத்தில் மாட்டுங்கள். குளிர்ந்தால்தான் ஆவி திரவமாகும். அடியில் குழாய் விட்டு ஒரு பால் வால்வு வைத்தால் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடத்தில் வடித்துவிடலாம். முதல் 1,000 கி.மீ.யில் ஒருமுறை பாருங்கள், பிறகு 3,000-க்கு ஒருமுறை போதும். மழைக்காலத்தில் பக்கத்துக் கடை, பள்ளி என்று குறுந்தூரம் ஓடும் காரில் காபி நிறத்தில் குழம்பு மாதிரி வரும். அது தண்ணீரும் எண்ணெயும் கலந்தது, பயப்பட வேண்டாம். எரியாத பெட்ரோலும் அதில் இருக்கும், ‘நல்ல ஆயில்தானே’ என்று எஞ்சினில் திருப்பி ஊற்றிவிடாதீர்கள். ஒர்க் ஷாப்பின் பழைய ஆயில் டிரம்மில் சேர்த்துவிடுங்கள். 1,000 கி.மீ.யிலேயே அரை டப்பா நிறைந்தால் கேன் பிரமாதமாக வேலை செய்கிறது என்று ஐந்து நட்சத்திரம் போட்டுவிட வேண்டாம். ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிலிண்டர்களுக்கு லீக்-டவுன் டெஸ்ட் (காற்றை ஏற்றிக் கசிவை அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள்.