காம்பஸா, பிஎஸ்ஏவா?
காம்பஸ் (COMPAS), பிஎஸ்ஏ (PSA) இரண்டும் அமெரிக்க நீதிமன்றங்களில், ஒருவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போட்டுக் கணிக்கும் கருவிகள். காம்பஸ் தனியாருடையது; எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை என்பது வணிக ரகசியம். தண்டனை விதிக்கும்போது, அதன் குறைகளைச் சொல்லும் எச்சரிக்கைக் குறிப்புடன் அந்த மதிப்பெண்ணைப் பார்க்கலாம் என்று 2016-இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்னால் இதை ஏற்கவே முடியவில்லை. கணக்கையே காட்டாவிட்டால் வழக்கறிஞர் எதை மறுத்து வாதாடுவார்?

நியூ ஜெர்சியில் 2017 முதல் ஜாமீன் விசாரணையில் பயன்படும் பிஎஸ்ஏ வேறு மாதிரி. வயது, பழைய தண்டனைகள், ஆஜராகாமல் போனது என 9 காரணிகள்தான். மதிப்பெண் போடும் முறையும் வெளிப்படை. சரி, போலீஸ் கெடுபிடி அதிகமுள்ள பகுதிக்காரர்களுக்கு வழக்குகள் கூடும், மதிப்பெண்ணும் ஏறும். ஆனால் அதைச் சுட்டிக்காட்டி வாதாட முடியும். இரண்டில் ஒன்று என்றால் பிஎஸ்ஏதான், அதுவும் ஜாமீனுக்கு மட்டும்.