போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ்: கொல்லைப் பூச்சிகளுக்கு எது சரிவரும்?

போன் கேமராவின் மேல் கிளிப் போலக் கவ்வி, சின்னப் பொருளைக் கிட்டேயிருந்து பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ்கள் 10x, 15x, 20x (அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்) என்று பல எண்களில் விற்கின்றன. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து 20x வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். 250-ஐ அந்த எண்ணால் வகுங்கள். பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே சுமாராக எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும் என்று தெரிந்துவிடும். 10x என்றால் 25 மி.மீ., 20x என்றால் வெறும் 12 மி.மீ. அவ்வளவு கிட்டே போனால் பூச்சி ஓடிவிடும், ஓடாவிட்டாலும் போனின் நிழல் அதன்மேல் விழும். வீட்டுத் தோட்டத்துக்கு 10x போதும்.

அட்டையில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகளைப் படம்பிடித்து, எந்தத் தூரத்தில் கோடு கூர்மையாகிறது என்று அளந்து பாருங்கள். 10x என்று விற்றது 60 மி.மீ.-இல் தெளிவானால் அதன் உண்மையான திறன் 4x-தான்.

"எல்லாமே மங்கல்" என்ற புகாருக்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. மலிவான செட்டுகளில் அகலமான காட்சியைப் பிடிக்கும் வைடு லென்ஸும் மேக்ரோவும் ஒன்றோடொன்று திருகி வரும். மேலே உள்ள வைடைக் கழற்றினால்தான் மேக்ரோ வேலை செய்யும். இன்னொன்று, போனின் எந்தக் கேமராவில் மாட்டுகிறோம் என்பது. 1x மெயின் கேமராவில், நடுவில் சரியாக உட்கார வேண்டும்; விலகினால் ஓரத்தில் கருப்பு வளையம் வரும். கிட்டே போனதும் தானாக அல்ட்ரா வைடுக்குத் தாவும் போன்களில் அந்தத் தானியங்கி மேக்ரோவை அணைத்துவிடுங்கள். தடித்த கவர் இருந்தால் கழற்றிவிட்டுத்தான் கிளிப்பை மாட்ட வேண்டும்.

தெளிவாக விழும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். திரையைத் தட்டித் தட்டி போகஸ் தேடாமல், போகஸைப் பூட்டிவிட்டுப் போனையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, பர்ஸ்டில் (தொடர்ச்சியாகப் பல படங்களாக) எடுங்கள். காற்றில் ஆடும் இலையின் காம்பை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளலாம். வெயில் பட்டுப் பளபளக்கும் வண்டுக்கு மேலே ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் வெளிச்சம் மென்மையாகும்.

இந்த லென்ஸின் அருமை தெரிய வேண்டுமானால் கறிவேப்பிலைச் செடியில் தொடங்குங்கள். இளந்தளிரில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் முட்டை இருக்கும்: சுமார் 1 மி.மீ., வெளிர்மஞ்சள் உருண்டை. பொரியும் நேரம் நெருங்கும்போது நிறம் கருக்கும். பக்கத்திலேயே பறவை எச்சம் போலத் தெரிவது அதன் இளம் புழுவாக இருக்கலாம்.

அடுத்து மாமரத்தில் முசுறு எறும்பு. அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டு ஒதுங்கிப் போனால் அதை விடாதீர்கள். லென்ஸில் கால்களை எண்ணினால் எட்டு இருக்கலாம். அப்படி இருந்தால், எறும்பைப் போலவே வேடமிட்ட குதிக்கும் சிலந்தி அது! முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கிக்கொண்டு நடக்கும். வெறுங்கண்ணால் பார்த்தால் எளிதில் ஏமாந்துவிடுவோம்.

பறக்கத் தயாராக இருக்கும் தட்டான், பட்டாம்பூச்சிக்கெல்லாம் 25 மி.மீ. இடைவெளி போதாது. அவற்றுக்கு '100 மி.மீ. மேக்ரோ' என்று தனியாக விற்பதை வாங்குங்கள். சற்று எட்ட நின்றே எடுக்கலாம். பூச்சி அசையாமல் இருக்க வேண்டும் என்று அதை ஃப்ரிட்ஜில் வைப்பது கொடுமை. விடியற்காலைக் குளிரில் அவை தாமாகவே மந்தமாக இருக்கும், அப்போது போங்கள்.

லென்ஸில் தூசி இருந்தால் முதலில் ஊதித் தள்ளுங்கள், பிறகு துடையுங்கள். நேராகத் துடைத்தால் கீறல் விழும். மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் பூஞ்சை படரும்.