சப்ளிமென்ட் என்று சொல்லி அட்வான்டேஜைத் தலையில் கட்டிய ஏஜென்ட்: 65 ஆகப்போகிறவர்கள் கவனிக்க

தொண்ணூறுகளில் ஐ.டி. வேலைக்கு டெக்சஸ் வந்து சேர்ந்த நம் ஆட்களுக்கு இப்போது மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ்) வயது. டாலஸைச் சுற்றியுள்ள ஊர்களில் மாதம் ஒரு அறுபத்தைந்தாவது பிறந்தநாள் சாப்பாடாவது நடக்கிறது. இதைக் கணக்குப் போட்டு, தமிழ் பேசிக்கொண்டே வீட்டுக்கு வரும் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகளும் பெருகிவிட்டார்கள். அதில் ஒருவர் என் கணவருக்குச் செய்ததை எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் யார் பெயரையும், எந்தக் கம்பெனியின் பெயரையும் போடவில்லை.

2024 மார்ச்சில் அவருக்கு 65. மெடிகேரில் பார்ட் ஏ ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் செலவுக்கு, பார்ட் பி டாக்டர், ஸ்கேன், கீமோ போன்ற வெளிநோயாளி சிகிச்சைக்கு. பார்ட் பி-யில் வருடத்து டிடக்டிபிள் (முதலில் நாம் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை) போக 80 சதவீதத்தை மெடிகேர் கொடுக்கும், மீதி 20 நம்முடையது. அந்த இருபதுக்கு உச்சவரம்பு கிடையாது. நாற்பதாயிரம் டாலர் பில்லுக்கு எட்டாயிரம், நான்கு லட்சத்துக்கு எண்பதாயிரம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் மெடிகேப் என்கிற சப்ளிமென்ட் பாலிசி. எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் பிளான் ஜி எடுத்திருந்தார்கள். மெடிகேர் ஏற்றுக்கொள்ளும் செலவில் பார்ட் பி டிடக்டிபிளை மட்டும் நாம் கட்டினால் போதும் (2026-க்கு அது 283 டாலர்), மிச்சம் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஜி பார்த்துக்கொள்ளும். மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும், எந்த மாநிலத்திலும் போகலாம். எங்களுக்கு வேண்டியதும் அதுதான், ஏஜென்ட்டிடம் கேட்டதும் அதுதான்.

அவர் தமிழ்ச் சங்க விழாவில் மேசை போட்டிருந்தவர். கோயம்புத்தூர்ப் பக்கம். வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே, “ஜி எல்லாம் மாசா மாசம் பணம் கட்டணும் அண்ணா. இதும் சப்ளிமென்ட்தான், அதைவிட நல்லது. பிரீமியம் பூஜ்யம். பல்லு, கண்ணாடி, மருந்து எல்லாம் ஒரே கார்டுல வந்துரும்” என்றார். “டாக்டர் யார்கிட்ட வேணாலும் போலாமா?” என்று நான் கேட்டேன். “மெடிகேர் எடுக்கிற எல்லார்கிட்டயும் போலாங்க்கா” என்றார். டேப்லெட்டில் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார். அவர் விற்றது சப்ளிமென்ட்டே இல்லை. பார்ட் சி எனப்படும் மெடிகேர் அட்வான்டேஜ், அதிலும் எச்.எம்.ஓ. ரகம், அதாவது பொதுவாகக் கம்பெனியின் பட்டியலில் இருக்கும் டாக்டர்களிடம் மட்டும் போகக்கூடியது.

இரண்டும் சேரவே சேராது. சப்ளிமென்ட், ஒரிஜினல் மெடிகேர் எனப்படும் அரசாங்க மெடிகேரின் மேல் உட்காரும். அட்வான்டேஜ் அதன் இடத்தில் உட்காரும். மெடிகேர் தரவேண்டியதைத் தனியார் கம்பெனி தன் நெட்வொர்க் (தன்னோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள்) வழியாகத் தரும், பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி கேட்கும். அட்வான்டேஜ் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. மாதப் பிரீமியம் கட்ட முடியாதவர்களுக்கும், தங்கள் டாக்டர்கள் எல்லாரும் நெட்வொர்க்கில் இருப்பதைச் சரிபார்த்தவர்களுக்கும் அது சரிப்படலாம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்பதுதான் அயோக்கியத்தனம். கமிஷன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: 2024-இல் டெக்சஸ் உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு புது அட்வான்டேஜ் சேர்க்கைக்கு ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சத்தொகை 611 டாலர், அப்புறம் வருடாவருடம் 306. இது சட்டப்படியான பணம்தான். ஆனால் காபி குடிக்க வந்தவர் ஏன் ஜி-யை அவ்வளவு அவசரமாகத் தள்ளிவைத்தார் என்பது எனக்கு இப்போது புரிகிறது.

முதல் பத்து மாதம் எதுவும் தெரியவில்லை. ஆரோக்கியமாக இருக்கும்வரை எல்லாக் கார்டும் நல்ல கார்டுதான்.

2025 ஜனவரியில் ப்ராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு ஏறியது, பயாப்ஸி செய்தார்கள், ப்ராஸ்டேட் புற்றுநோய் என்றார்கள். பெரிய புற்றுநோய் மையம் ஒன்றுக்குப் போகச் சொன்னார் டாக்டர். அங்கே இன்சூரன்ஸ் பார்க்கும் பெண் கார்டை வாங்கியதும், “இது அட்வான்டேஜ் எச்.எம்.ஓ., இந்தத் திட்டத்தை நாங்கள் எடுப்பதில்லை, ஒரிஜினல் மெடிகேர் இருந்தால் வாருங்கள்” என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே ஏஜென்ட்டைக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: “பயப்படாதீங்க்கா. வருசா வருசம் அக்டோபர்ல மாத்திக்கலாம். அப்ப நானே ஜி போட்டுத் தர்றேன். இப்ப நடுவுல கை வச்சா கவரேஜே போயிரும், அப்புறம் என்னையச் சொல்லக்கூடாது.”

முதலில் சொன்ன பொய்யைவிட இதுதான் எங்களைக் கவிழ்த்தது. ஏனென்றால் அந்த ஜனவரியில் எங்களுக்கு இரண்டு கதவு திறந்திருந்தது. ஒன்று, ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை அட்வான்டேஜில் இருப்பவர்கள் அதை விட்டு ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பலாம். இன்னொன்று, அதைவிட முக்கியம்: 65 வயதில் மெடிகேர் கிடைத்தவுடனேயே அட்வான்டேஜில் சேர்ந்தவர்கள், முதல் 12 மாதத்துக்குள் அதை விட்டு வந்தால், உடம்பில் எந்த நோய் இருந்தாலும் சப்ளிமென்ட் கம்பெனி மறுக்க முடியாது. நோயைக் காட்டிப் பிரீமியத்தை ஏற்றவும் முடியாது. இதற்குச் சோதனைக் கால உரிமை என்று பெயர். எங்களுக்கு அது பிப்ரவரி கடைசி வரை இருந்தது. “இப்ப கை வைக்காதீங்க” என்று அவர் சொன்ன அந்த வாரங்களில்தான் அது கழிந்துபோனது. வேறு வழியில்லாமல் நெட்வொர்க்கில் இருந்த இன்னொரு இடத்தில் கதிர்வீச்சு ஆரம்பித்தோம், ஒவ்வொரு படிக்கும் அனுமதிக்காகக் காத்திருந்து.

அக்டோபர் வந்தது. பிளான் ஜி-க்கு விண்ணப்பித்தோம். விண்ணப்பத்தில் உடல்நிலைக் கேள்விகள் பக்கம் பக்கமாக. சமீபத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவரா என்ற கேள்விக்கு ஆம் என்றதும் கதை முடிந்தது. வேறொரு கம்பெனியும் அதே பதில்.

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான சீசன் பற்றி டி.வி.யில் ஓயாமல் விளம்பரம் வரும். அது அட்வான்டேஜுக்கும் பார்ட் டி மருந்துத் திட்டத்துக்குமான சீசன். அப்போது ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பலாம்தான், ஆனால் சப்ளிமென்ட் கம்பெனி உங்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சப்ளிமென்ட்டுக்கென்று இருப்பது வாழ்க்கையில் ஒரே ஒரு ஆறு மாதம். 65 வயது நிறைந்து பார்ட் பி தொடங்கும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து அது ஓடும். அந்த ஆறு மாதத்தில் எந்தக் கம்பெனியும் எந்த நோய்க்காகவும் உங்களை மறுக்கக்கூடாது. அது போனால், சில விசேஷ சந்தர்ப்பங்கள் தவிர, பெரும்பாலான மாநிலங்களில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். நியூயார்க், கனெக்டிகட் வாசிகள் கொடுத்துவைத்தவர்கள், அங்கே வருடம் முழுக்க வாங்கலாம். டெக்சஸ் அப்படி இல்லை.

அதனால் உங்கள் வீட்டு மேசையில் யாராவது வந்து உட்கார்ந்தால் கவனியுங்கள். பூஜ்யம் பிரீமியம் என்றால் அது சப்ளிமென்ட் இல்லை, சப்ளிமென்ட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டியே ஆகவேண்டும். பல், கண்ணாடி, ஜிம், மளிகைக்குக் கார்டு என்று அடுக்கினால் சந்தேகப்படுங்கள். மருந்தும் அதிலேயே அடக்கம் என்றால் நிச்சயம் அட்வான்டேஜ், ஏனென்றால் இப்போது விற்கும் மெடிகேப்பில் மருந்து கிடையாது, பார்ட் டி தனியாக எடுக்கவேண்டும். கார்டு வந்ததும் எச்.எம்.ஓ., பி.பி.ஓ. (இரண்டும் அட்வான்டேஜ் ரகங்கள்) என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். சப்ளிமென்ட் எடுத்தவர் டாக்டரிடம் சிவப்பு, வெள்ளை, நீலம் போட்ட மெடிகேர் கார்டையும் சேர்த்துக் காட்டுவார். “இனி அந்தக் கார்டு வேண்டாம், பீரோவில் வையுங்கள்” என்று ஏஜென்ட் சொன்னால் உங்களை எதில் சேர்த்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். எங்களிடம் அப்படியே சொன்னார்.

விலை விஷயத்திலும் ஏமாற்று உண்டு. “எங்க கம்பெனி ஜி-யில் கூடுதல் வசதி” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் தவிர மற்ற மாநிலங்களில் பிளானின் எழுத்து (ஜி போல) ஒன்றானால் அடிப்படைப் பலன் ஒன்றுதான், கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது விலை. வயது ஏற ஏற விலை ஏறும் ரகமா, சேர்ந்த வயதை வைத்து நிர்ணயிக்கும் ரகமா என்று கேளுங்கள், போன சில வருடங்களில் எவ்வளவு ஏற்றினார்கள் என்றும் கேளுங்கள். பழைய ஆட்கள் புகழும் பிளான் எஃப் 2020 ஜனவரி முதல் மெடிகேர் வயதுக்கு வந்தவர்களுக்குக் கிடையாது. பிளான் என் (N) கொஞ்சம் மலிவு, ஆனால் டாக்டர் விசிட்டுக்கு 20 டாலர் வரை கோ-பே (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு) உண்டு.

கிரீன் கார்டில் அப்பா அம்மாவை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 65 தாண்டி, தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்தவர்கள் மெடிகேரை விலை கொடுத்து வாங்கலாம். வேலை செய்த கணக்கே இல்லாதவர்களுக்குப் பார்ட் ஏ மட்டும் 2026-இல் மாதம் 565 டாலர், பார்ட் பி 202.90. அம்மாவுக்கு 72 வயதானாலும் பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து அந்த ஆறு மாதம் அவருக்கும் ஓடும். “வயசாயிடுச்சு, சப்ளிமென்ட் குடுக்க மாட்டாங்க” என்று ஒரு ஏஜென்ட் என் தோழியின் அம்மாவிடம் சொன்னாராம். அப்பட்டமான பொய்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி-யிலும் என்-இலும் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு 250 டாலர் டிடக்டிபிள் போக 80 சதவீதம் கிடைக்கும், வாழ்நாள் மொத்தம் 50,000 டாலர் வரை. ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வந்த அவசரத்துக்கு மட்டும். மார்கழிக் கச்சேரிக்குப் போய்ப் பங்குனி உத்திரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் தனியாகப் பயண இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விஷயம் இப்போது எங்கே நிற்கிறது? எதையும் விற்காத, காசு வாங்காத ஆலோசகர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. பொதுவாக ஷிப் என்பார்கள், டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் ஹைகேப் என்று பெயர். அவர்கள் சொல்லித்தான் 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் தவறான விற்பனை என்று புகார் பதிந்தோம், டெக்சஸ் இன்சூரன்ஸ் துறையிலும் ஏஜென்ட்டின் லைசன்ஸ் மேல் தனியாக ஒரு புகார். போனில் விற்றால் அந்த உரையாடலைப் பதிவுசெய்து வைக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. நேரில் வந்து விற்றதில் அது இல்லை. ஆனால் எங்களிடம் அந்த வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது, மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறோம். நாங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கினோம். அதில் சப்ளிமென்ட் என்ற கட்டம் காலி, அட்வான்டேஜ் கட்டத்தில் மட்டும் டிக்.

திட்டம் எங்களைத் தவறாக வழிநடத்தியது என்று ஒப்புக்கொள்ளப்பட்டால், அட்வான்டேஜ் முடியும் நாளிலிருந்து 63 நாளுக்குள் உடல்நிலைக் கேள்வி இல்லாமல் ஜி வாங்கும் உரிமை திரும்பக் கிடைக்கும். முடிவு வந்ததும் எழுதுகிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்து, இன்னும் 12 மாதம் முடியவில்லை என்றால், ஏஜென்ட்டைக் கூப்பிடாமல் நாளைக் காலையிலேயே அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.