நிற்கிற காலைப் பார்க்கச் சொல்லும் கோச்: கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு கால்பந்துப் பயிற்சி

எங்கள் பாப்பாவுக்குப் பதினொரு வயது. எட்டு மாதமாகச் சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் நடக்கும் கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறாள். செவ்வாய், வியாழன், சனி. மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையை நாலரைக்கே விட்டுவிட்டு அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு போவேன். விட்டுவிட்டுத் திரும்பி வர நேரம் இருக்காது. அதனால் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து முழுப் பயிற்சியையும் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது.

கோச் சார் முன்னாள் ஆட்டக்காரர். சென்னை லீகில் ஒரு வங்கி அணிக்காகப் பத்து வருஷம் ஆடியவர். வலது முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்கிற இணைப்பு நார் கிழிந்து ஆபரேஷன் ஆன பிறகு ஒரு சீசன் முயன்று பார்த்திருக்கிறார், முடியவில்லை. நிறுத்திவிட்டு பயிற்சியாளர் ஆவதற்கான அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் படித்தார், அப்புறம் ஆசியக் கூட்டமைப்பின் சி லைசென்ஸ். ஒருநாள் பந்துப் பையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "ஆட்டத்த விட்டப்பக்கூட நான் அழல சார். டி லைசென்ஸ் கிளாஸ்ல எட்டு வயசுப் பசங்களுக்குப் பாஸ் சொல்லித்தரச் சொன்னாங்க. எனக்கு ஒரு வார்த்தை வரல. அன்னிக்கு ராத்திரிதான் அழுதேன். கால் இருபது வருஷமாத் தானா செஞ்சுட்டிருந்துச்சு. அது என்ன செய்யுதுன்னு நான் கவனிச்சதே இல்ல."

எனக்கு அது உடனே பிடிபட்டது. பட்டறையில் எனக்குத் தொழில் பழக்கிய பெரியப்பாவின் கை அப்படி ஓடும். ஆனால் பற்றவைக்கும்போது நெருப்பை எப்போது எடுப்பது என்று கேட்டால், "பாத்தாத் தெரியும்டா" என்பார். எனக்குத் தெரிய மூன்று வருஷம் ஆனது. கையில் இருப்பதை வாயால் சொல்வது வேறு வேலை. இந்த மனுஷன் அந்த வேலையைத் தனியாக உட்கார்ந்து கற்றிருக்கிறார்.

முதல் மாதம் பாப்பாவின் பாஸ் எல்லாமே வலப்பக்கம் ஓடிப்போகும். முன்பு சேர்த்திருந்த வேறொரு இடத்திலும் இதே கதைதான். அங்கே தப்பாக அடித்தால் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும். ஓடி ஓடி அவளுக்கு மூச்சு பலமானது, பாஸ் மாறவில்லை. இங்கே கோச் சார் நாலு பந்து பேசாமல் பார்த்தார். அப்புறம் அந்த முழங்காலோடு மெல்லத் தரையில் குத்தவைத்து, அவளுடைய இடது ஷூவைப் பிடித்தார். உதைக்கிற கால் வலது, அவர் பிடித்தது நிற்கிற காலை. பந்துக்கு ஒரு சாண் பின்னால், பெருவிரல் வலப்பக்கம் பார்த்து நின்றிருந்தது. அதைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, எதிரில் நிற்கும் பிள்ளையை நோக்கித் திருப்பி வைத்தார். "நிக்கிற கால் எங்க பாக்குதோ, பந்து அங்கதான் போகும் கண்ணு. இப்ப அடி." நேராகப் போனது. அடுத்ததும் போனது. மூன்றாவது மறுபடி வலப்பக்கம். அவளே குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். நான் கல்லிலிருந்து எழுந்துவிட்டேன்.

பந்து விஷயத்திலும் கவனமாக இருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு 3-ஆம் நம்பர், இவள் வயதுக்கு 4, பெரியவர்களுக்கு மட்டும் 5. பெரிய பந்து 410 முதல் 450 கிராம் எடை. அதைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தால் காலைச் சுழற்றி வீசித்தான் உதைக்கும், அந்தப் பழக்கம் பின்னால் போகாது என்கிறார். பத்து வயதுக்குக் கீழே தலையால் முட்டும் பயிற்சியே கிடையாது.

ஏப்ரலில் ஒருநாள் சேர்வராயன் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, கோடை மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளைத் தகரக் கொட்டகைக்குள் உட்கார வைத்துக் கதை சொன்னார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய நம்ம தமிழர் சைமன் சுந்தரராஜ், பின்னாளில் பயிற்சியாளராகி 1973-ல் கேரளாவுக்கு, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை முதல் முறையாக வாங்கிக்கொடுத்த கதை. இறுதியாட்டத்தில் ரயில்வேஸை 3-2 என்று ஜெயித்தார்கள், மூன்று கோலும் கேப்டன் மணி. அப்புறம் பள்ளி ஆசிரியராக இருந்து இந்திய அணியின் பயிற்சியாளரான ரஹீம் கதை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தலையில் தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் இறக்கினார் ரஹீம். இறுதியாட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராகப் பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல், தங்கம் நமக்கு. பாப்பாவை முன்வரிசையிலிருந்து லெஃப்ட் பேக்குக்கு, அதாவது இடது பக்கத் தடுப்பாட்டத்துக்கு மாற்றி அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். அந்தக் கதை யாருக்காக என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரும் வழியில் வண்டியின் பின்னாலிருந்து, "ஜர்னைல் சிங் மறுபடி பின்னாடி போனாராப்பா?" என்று கேட்டாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அங்கே கழிப்பறை இல்லை. பக்கத்து வீட்டுக்கார அம்மா புண்ணியத்தில் நடக்கிறது. பெண்களைச் சேர்க்கிற இடத்தில் இதை முதலில் செய்திருக்க வேண்டும், இரண்டு முறை நேரிலேயே சொல்லிவிட்டேன். தரை சரளை, விழுந்தால் முட்டி போய்விடும். முன்காலைக் காக்கும் ஷின் கார்டோடு நீளமான சாக்ஸும் கட்டாயம் வாங்குங்கள். பயிற்சி ரத்தானால் தகவல் ஐந்து மணிக்குத்தான் வருகிறது. அதற்குள் நான் அஸ்தம்பட்டி தாண்டியிருப்பேன். ஒரு பேட்ச்சில் இருபத்தாறு பிள்ளைகள், அவர் ஒருவர்தான். சனிக்கிழமை மட்டும் உதவிக்கு ஒரு கல்லூரிப் பையன் வருகிறான்.

மாதம் 1,200 ரூபாய். உடுப்புக்குத் தனியாக 650. மாவட்ட அணியில் இடம் வாங்கித் தருவேன் என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. அப்படிக் கேட்டு வந்த ஒரு அப்பாவிடம், "மொதல்ல ஆறு மாசம் விளையாடட்டுங்க" என்று மட்டும் சொன்னதை நானே கேட்டேன். சேர்க்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வியாழக்கிழமை போய்ப் பாருங்கள், அன்றுதான் கூட்டம் குறைவு. ஓரத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருப்பவன் நான்தான், கேட்டால் சொல்கிறேன்.