அறிவிப்பு நாளும் செல்வாக்கு எண்ணும்: ஓர் இணைய ஆவணக் காப்பகம் குறித்த மதிப்புரை

அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓர் அரசியல்வாதி ஏன் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் களமிறங்குகிறார் என்று ஆராய விரும்புவோருக்கு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் 1999 முதல் நடத்திவரும் ‘தி அமெரிக்கன் பிரெசிடென்சி பிராஜெக்ட்’ என்னும் இணையக் காப்பகத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கட்டணம் கிடையாது. அதிபர்களின் உரைகளும் ஆணைகளும் மட்டுமன்றி வேட்பாளர்களின் பிரசார ஆவணங்களும் இங்கே உள்ளன. பெயரையும் தேதியையும் கொடுத்துத் தேடலாம்.

இதன் மிகப் பெரிய பலம், உரைகள் இருக்கும் இடத்திலேயே அதிபர்களின் செல்வாக்கைக் காட்டும் கேலப் கருத்துக்கணிப்பு எண்களும் இருப்பதுதான். 1991 தொடக்கத்தில் வளைகுடாப் போர் முடிந்தவுடன் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷின் செல்வாக்கு 89 சதவீதத்தைத் தொட்டது. அவரை வெல்ல முடியாது என்ற எண்ணம் பரவியிருந்த அந்த ஆண்டில் ஜனநாயகக் கட்சியின் முன்னணியினர் பலர் ஒதுங்கிக்கொள்ள, அக்டோபர் 3 அன்று பில் கிளின்டன் போட்டியை அறிவித்தார். அப்போதும் புஷ்ஷின் எண் 60-க்கு மேல்தான் இருந்தது. அடுத்த கோடையில் அது 40-க்கும் கீழே சரிந்ததைப் பார்க்கும்போது, செல்வாக்கு சரிந்த பிறகு களமிறங்க நினைத்தவருக்கு இடமே மிஞ்சியிருக்காது என்பது விளங்குகிறது.

1967–68 காலத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். வியட்நாம் போரை எதிர்த்து யூஜின் மெக்கார்த்தி 1967 நவம்பர் 30 அன்றே துணிந்து இறங்கினார். 1968 மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில், பதவியிலிருந்த அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு எதிராக அவர் ஏறத்தாழ 42 சதவீத வாக்குகளைப் பெற்றார். அதுவரை தயங்கிய ராபர்ட் கென்னடி நான்கு நாள் கழித்துப் போட்டியை அறிவித்ததால், பிறர் உழைப்பில் குளிர்காய்கிறார் என்ற பழியைச் சுமக்க நேர்ந்தது. மார்ச் 31 அன்று ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார். அவருடைய உரையின் பெரும்பகுதி போரைப் பற்றியது. விலகல் இறுதியில்தான் வருகிறது. முழு உரையையும் படித்தால்தான் அதன் கனம் புரியும்.

ஜோ பைடனின் மூன்று அறிவிப்புகளையும் வரிசையாகப் படிப்பதும் நல்ல பயிற்சி. மகனை இழந்த துயரத்துக்கிடையே, போட்டியிடுவதற்கான காலம் கடந்துவிட்டதாக 2015 அக்டோபர் 21 அன்று சொன்னவர், 2019 ஏப்ரலில் களமிறங்கி வென்றார். 2024 ஜூலை 21 அன்று கடிதம் எழுதி மறுதேர்தலிலிருந்து விலகினார்.

எனினும், போட்டியிடாதவர்களின் கணக்கை இத்தகைய காப்பகத்தில் முழுமையாகக் காண இயலாது. 1991 டிசம்பர் 20 அன்று, நியூ ஹாம்ப்ஷயரில் மனுத்தாக்கலின் கடைசி நாளில், விமானம் நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் காத்திருக்க, மாநில பட்ஜெட் சிக்கலைக் காரணம் காட்டி அம்மாநில ஆளுநர் மரியோ கூமோ விலகிநின்றார். அத்தகைய முடிவுகளுக்குப் பின்னாலிருந்த ஆலோசனைகளை அக்கால நாளிதழ்களில்தான் தேட வேண்டும். பணத்தின் பங்கையும் தனியாகப் பார்க்க வேண்டும். 5,000 டாலருக்கு மேல் திரட்டினாலோ செலவழித்தாலோ ஒருவர் சட்டப்படி வேட்பாளராகிவிடுவார் என்பதால், முறையான அறிவிப்பைத் தள்ளிப்போடுவோர் ‘இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற நிலையிலேயே கவனமாக நிற்பதுண்டு. அதற்குக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் உள்ள பதிவுகளையும் இக்காப்பகத்தோடு சேர்த்துப் படிப்பது அவசியம்.