மதுரை கோயிலைச் சுற்றி மெஸ், லாட்ஜ்: வெளியூர்க்காரர் காசு எங்கே போகிறது?

மதுரைக்கு வருகிற வெளியூர்க்காரர் பணம் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறது. விலை சொல்லாமலே பொருள் முன்னால் வந்துவிடும். விலை தெரியவரும்போது பாதி சாப்பிட்டு முடித்திருப்பீர்கள், அல்லது பெட்டி மூன்றாவது மாடிக்கு ஏறியிருக்கும். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகளிலும் ஜங்ஷன், பெரியார் பேருந்து நிலையம் பக்கமும் இதுதான் நிலவரம். கடைகளின் பெயர் இங்கே வேண்டாம். முறை தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

முதலில் அசைவ மெஸ். இலை போட்டுத் தண்ணீர் தெளித்து முடிப்பதற்குள் அகலமான எவர்சில்வர் தட்டு ஒன்று மேசைக்கு வரும். அதில் வரிசையாகக் கிண்ணங்கள்: மட்டன் சுக்கா, ஈரல், மூளை, கோலா உருண்டை, நாட்டுக்கோழி, விரால் வறுவல், இறால். சர்வர் தட்டை லேசாகச் சாய்த்துக் காட்டி, "அண்ணே, சுக்கா இப்பத்தான் இறக்குனது, வைக்கவா?" என்பார். எண்ணெய் மினுங்குகிற சுக்காவைப் பார்த்துக்கொண்டு விலை கேட்க யாருக்கும் வாய் வராது. தலையாட்டினால் ஒரு கிண்ணம் இறங்கும். தலையாட்டாவிட்டாலும் சில இடங்களில், "பிள்ளைக்கு வைக்கிறேன்" என்று இரண்டு கோலா இறங்கும்.

நாலு பேர் சாப்பிட்ட கணக்கை உதாரணமாகப் போட்டுப் பாருங்கள். சாப்பாடு 180 வீதம் 720 ரூபாய். சுக்கா இரண்டு கிண்ணம் 520, விரால் இரண்டு துண்டு 560, ஈரல் ஒன்று 200, கோலா நாலு 160. தொட்டுக்கொள்ள மட்டும் 1,440, அதாவது சாப்பாட்டைப் போல இரண்டு மடங்கு. வாசல் பலகையில் எழுதியிருந்தது அந்த 180 மட்டும்தான். இது பகல் கொள்ளை என்று சொல்லமாட்டேன், நல்ல ஆட்டுக்கறி விற்கிற விலைக்குச் சுக்கா அப்படித்தான் விற்கும். தப்பு விலையில் இல்லை, அதை மறைப்பதில் இருக்கிறது.

தட்டு வந்ததும் ஒவ்வொரு கிண்ணத்தையும் காட்டி, "இது எவ்வளவு, எத்தனை பீஸ்?" என்று கேளுங்கள். சர்வருக்குக் கோபம் வராது, உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள். கேட்காமல் வைத்த கிண்ணத்தைக் கையால் தொடுவதற்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். மேசையில் அப்படியே இருந்தாலும் இலை எடுக்கும்போது எண்ணிக்கையில் சேர்ந்துவிடும், ஏனென்றால் பல மெஸ்களில் மேசையில் இருக்கும் கிண்ணத்தைப் பார்த்து வாயால் கணக்குச் சொல்லித்தான் பில் போடுகிறார்கள். சாப்பாட்டோடு வரும் கறிக்குழம்பு, மீன் குழம்பு, ரசம் எல்லாம் எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள், அதற்குத் தனிக்காசு கிடையாது. பசிக்கு அதுவே தாராளம்.

அயிரை மீன் குழம்புக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். சாப்பாட்டோடு ஊற்றும் மீன் குழம்பு வேறு, அயிரை வேறு. அயிரை விரல் நீளம்கூட இல்லாத ஆற்று மீன், உயிரோடு வாங்கி உரசிக் கழுவி முழுசாகக் குழம்பில் போடுவது. வரத்து குறைவு, விலை அதிகம், சின்னக் கிண்ணமே சுக்காவைத் தாண்டும். "மீன் குழம்பு ஊத்தவா, அயிரை இருக்கு" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். சரி என்றால் அயிரைக்குத்தான் சரி சொன்னதாக அர்த்தம்.

கறிதோசையில் ஏமாற்றம் வேறு மாதிரி. கனமாக ஊற்றிய தோசை, மேலே அடித்த முட்டை, அதன்மேல் கொத்திய ஆட்டுக்கறி மசாலா, பிறகு திருப்பிப் போட்டு வேகவைப்பது. இதுதான் கறிதோசை. வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். கூட்டம் அதிகமுள்ள இடங்களில் கோழிக் குழம்பின் கசடைத் தடவிக் கறிதோசை என்று கொண்டுவருகிறார்கள். ஆர்டர் சொல்லும்போதே "மட்டனா, சிக்கனா, என்ன விலை?" என்று கேட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் தெருவோரத்தில் போடும் இட்லிக் கடைகளில் இந்தத் தொல்லை எதுவும் பெரும்பாலும் இல்லை. எண்ணிச் சாப்பிட்டு எண்ணிக் காசு கொடுத்துவிட்டு வரலாம், சட்னியும் மெஸ்ஸைவிட நன்றாகவே இருக்கும்.

ஜிகர்தண்டா கடை எல்லாவற்றிலும் 'ஒரிஜினல்' என்று எழுதியிருக்கும், அதை நம்பி ஒன்றும் ஆகப்போவதில்லை. கிண்ணத்தைப் பாருங்கள். ஊறி உப்பிய பாதாம் பிசின் கண்ணாடிபோலக் கட்டிகட்டியாக அடியில் நிற்கும். பால் சுண்டக் காய்ச்சிப் பழுப்பு ஏறியிருக்கும். நன்னாரி சர்பத் மணம் தூக்கலாக இருக்கும். பிசினுக்குப் பதில் நீளமாக வெட்டிய கடல்பாசி, வெள்ளைப் பால், வெண்ணிலா ஐஸ்கிரீம் என்று இருந்தால் அது பெயருக்கு ஜிகர்தண்டா. அளவு சொல்லாமல் கேட்டால் 'ஸ்பெஷல்' தான் வரும். சின்னது வேண்டும் என்றால் சின்னது என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்து பில். கையால் எழுதிய துண்டுச் சீட்டில் ஜிஎஸ்டி என்று போட்டுத் தொகை ஏற்றினால் கேள்வி கேட்கலாம். தனியாக நடக்கும் உணவகத்தில் வரி 5 சதவீதம். அதை வாங்க வேண்டுமானால் பில்லில் 15 எழுத்துள்ள ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33இல் தொடங்கும். எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் அடித்தால் கடைப் பெயர் வரும். 'காம்போசிஷன்' முறையில், அதாவது விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தானே வரியாகக் கட்டும் சிறு வியாபாரியாகப் பதிந்த கடையாக இருந்தால் சாப்பிடுகிறவரிடம் வரி வாங்கவே கூடாது. அந்த பில்லின் தலைப்பிலேயே 'பில் ஆஃப் சப்ளை' என்றிருக்கும். 2022 ஜனவரி முதல் பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும். இரண்டு எண்ணும் இல்லாத சீட்டில் வரி மட்டும் இருக்கிறது என்றால் அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்குகிறார்கள் என்று உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. உணவகமும் ஓட்டலும் உட்கார வைத்துப் பரிமாறும்போது எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பு சொல்லிவிட்டது. பெட்டிக்கடையிலும் பஸ் ஸ்டாண்ட் ஸ்டாலிலும் அப்படி வாங்கினால் அது குற்றம்.

இனி லாட்ஜ். சென்னையிலிருந்து வரும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் இறக்கிவிடும். ஸ்டேஷன் வாசலிலேயே, "ரூம் பாக்குறீங்களாண்ணே? பார்த்துட்டுப் பிடிச்சா தங்குங்க, ஆட்டோவுக்கு முப்பது ரூபா குடுங்க போதும்" என்பார்கள். முப்பது ரூபாய்க்கு ஓடுகிற ஆட்டோவுக்கு மிச்சக் கூலி உங்கள் ரூம் வாடகையில் இருக்கிறது. ஆட்டோவோடு போனால் 1,200 ரூபாய் ரூம் 1,600 என்று சொல்லப்படும், வித்தியாசம் கமிஷன். நீங்களாக ஒரு லாட்ஜ் பெயரைச் சொன்னால், "அது மராமத்துல கிடக்கு சார்", "அங்க ரூம் ஃபுல்லு" என்று வண்டி வேறு இடத்துக்குத் திரும்பும். ஸ்டேஷனின் முன்வாசல் மேல வெளி வீதியைப் பார்த்தது. வீதியைத் தாண்டினால் டவுன்ஹால் ரோடு, பக்கத்திலேயே மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி. ஐந்து முதல் பத்து நிமிட நடையில் வேண்டிய அளவு லாட்ஜ்கள். பெட்டியோடு ஒருவரை ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டு இன்னொருவர் நடந்து போய் இரண்டு மூன்று இடம் பார்த்து வந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்கள் கோயில் பக்கம் வர ஆறு கிலோமீட்டர் போல ஆகும். டவுன்பஸ்ஸில் பெரியார் வந்துவிட்டு நடப்பது உத்தமம்.

ரூம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பார்க்கும்போது மெத்தை விரிப்பை மூலையில் தூக்கித் தையல் ஓரத்தைப் பாருங்கள், மிளகுப் பொடி தூவியது போலக் கரும்புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி, அந்த ரூம் வேண்டாம். ஃப்ளஷ் இழுங்கள். ஜன்னலைத் திறங்கள். இந்தப் பகுதிக் கட்டிடங்கள் ஒன்றையொன்று ஒட்டியவை, பல ரூம்களின் ஜன்னல் சாக்கடைக் குழாய் இறங்கும் சந்தைத்தான் பார்க்கும். ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் நின்றுபார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் எது ஓடும் என்று கேளுங்கள், பல இடங்களில் மின்விசிறியும் விளக்கும் மட்டும்தான். வெந்நீர் 'உண்டு' என்பார்கள், காலை ஆறு முதல் ஒன்பது வரை மட்டும் என்பதை மறுநாள்தான் சொல்வார்கள். 'கோபுரம் தெரியும் ரூம்' என்று கூடுதல் கேட்டால் ரூம் ஜன்னலில் தெரிகிறதா, மொட்டைமாடியில் தெரிகிறதா என்று நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மொட்டைமாடிதான், அங்கே எல்லா ரூம்காரர்களும் போகலாம்.

செக்அவுட் நேரத்தில்தான் சத்தமில்லாமல் ஒரு நாள் வாடகை கூடுகிறது. பழைய லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு, வந்த நேரத்துக்கே மறுநாள் காலி செய்ய வேண்டும். புதிய ஓட்டல்களில் பகல் 12 மணி. காலை ஐந்தரைக்கு வருகிறவருக்குப் பகல் 12 மணிக் கணக்கு என்றால், அன்றைக்கு ஆறரை மணி நேரத்துக்கே ஒரு நாள் முடிந்துபோகும். இதைக் கவுண்டரில் கேட்காமல் ரூமுக்குப் போகாதீர்கள். 24 மணி நேர லாட்ஜில் ரெஜிஸ்டரில் வந்த நேரத்தை உங்கள் கையாலேயே எழுதுங்கள். கிளார்க் 5.40ஐ 5.00 என்று எழுதினால் மறுநாள் 5.30க்குக் கீழே இறங்கும்போது அரை நாள் வாடகை கேட்பார். தாமதத்துக்கு எவ்வளவு நேரம் விடுவார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

ரூம் வரியில் இப்போது ஒரு புதுச் சுரண்டல். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்துவிட்டது. 1,500 ரூபாய் ரூமுக்கு வரி 75 ரூபாய்தான். பழைய கணக்கில் 180 என்று சொன்னால் பில்லில் எழுதிக் கேளுங்கள், எழுதும்போது 75 ஆகிவிடும். பதிவே இல்லாத சின்ன லாட்ஜ் வரி வாங்கவே முடியாது.

அடையாள அட்டை கேட்பார்கள், ஏதாவது ஒன்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆதார் கொடுப்பதாக இருந்தால் முதல் எட்டு இலக்கம் மறைத்ததை முன்கூட்டியே இறக்கி அச்செடுத்துக்கொண்டு வாருங்கள். நகலின் குறுக்கே லாட்ஜ் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கிளார்க் தன் சொந்த ஃபோனில் படமெடுத்துக்கொள்வதற்கு விடாதீர்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் கவனிக்க: வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரம் பதிய வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்து சின்ன லாட்ஜ்கள் நடுராத்திரி கவுண்டரில் வைத்து முடியாது என்கிறார்கள். ஃபோனிலேயே பாஸ்போர்ட் நாட்டைச் சொல்லிக் கேட்டுவிட்டு பதிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை போவது ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே. கூகுள் மேப்பில் லாட்ஜ், சத்திரம் பெயருக்குக் கீழே வேறொருவன் தன் நம்பரை ஏற்றி வைத்திருப்பான். கூப்பிட்டால் மரியாதையாகப் பேசுவான், வாட்ஸ்அப்பில் ரூம் படம் வரும், "சீசன் சார், முழு அமௌன்ட்டும் போட்டாத்தான் பிளாக் ஆகும்" என்று க்யூஆர் வரும். பணம் போட்டதும் இரண்டாம் கட்டம்: "சிஸ்டத்துல ஏறலை, இன்னொரு தடவை போடுங்க, முதல்ல போட்டது தானா திரும்பிடும்." இங்கேதான் பலர் இரண்டு தடவை இழக்கிறார்கள். க்யூஆரை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் லாட்ஜ் பெயராக இல்லாமல் தனி ஆள் பெயராக இருந்தால் நிறுத்துங்கள். லாட்ஜின் தரைவழித் தொலைபேசிக்கோ, வேறு இரண்டு தளங்களில் ஒன்றுபோல இருக்கும் நம்பருக்கோ கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகரும்.

சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களிலும், பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களிலும் வாடகை இரண்டு மூன்று மடங்கு ஏறும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வண்டி வண்டியாக வருவதால் பெரிய ரூம்கள் கிடைக்காது. இந்த நாட்களில் ஆன்லைனில் பழைய விலைக்குப் பதிவு செய்தவர்களிடம் வாசலில் வைத்து, "அந்த ரேட் தப்பா வந்திருச்சு" என்று கூடுதல் கேட்பது வழக்கம். பதிவு செய்த தளத்தின் உதவி எண்ணுக்கு கவுண்டரில் நின்றபடியே, கிளார்க் காதுபடக் கூப்பிடுங்கள். ரத்து செய்ய நீங்களாக ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒப்புக்கொண்டால் பணம் திரும்புவது சிரமம். பில் தர மறுப்பது, கூடுதல் வரி போன்றவற்றுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. பில் படமும் விலைப்பலகைப் படமும் இருந்தால்தான் புகார் நிற்கும்.

ஒரு ராத்திரி மட்டும் தங்கி, தரிசனம் முடித்து ராமேஸ்வரமோ கன்னியாகுமரியோ போகிறவர்கள் இந்தப் பாடெல்லாம் படவேண்டாம். மதுரை ஜங்ஷனிலேயே ரயில்வே ஓய்வறைகள் இருக்கின்றன. உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் பதிவு செய்யலாம். அறை சுமார்தான், ரயில் சத்தமும் கேட்கும், விடுமுறை நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அது கிடைக்காவிட்டால் மேல வெளி வீதியிலும் அழகர்கோவில் சாலையிலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல்கள் உண்டு, வாடகையை அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ரூம் காலி செய்த பிறகு பெட்டியை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போடுவதாக இருந்தால் பூட்டு வாங்கி வாருங்கள், பூட்டாத பையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு செக்அவுட் நேரத்தை முடிவு செய்யுங்கள்.